காலையில தொவச்ச பெட்ஷீட்: பினாங்கில வலிப்போட வாழ்ந்த ஒரு இளைஞனப் பத்தி ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இத எழுதட்டுமான்னு தம்பியோட அம்மாகிட்ட மொதல்ல கேட்டேன். "எழுதுங்கக்கா, பேரு மட்டும் போடாதீங்க"ன்னாங்க. அதனால அவன தம்பின்னே சொல்றேன், எங்க ஃப்ளாட்டுல எல்லாரும் அவன அப்படித்தான் கூப்பிட்டோம். நான் அரசாங்க ஆஸ்பத்திரியில 31 வருஷம் மிஸ்ஸியா, அதாவது நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ. பெரும்பாலும் ஆப்பரேஷன் வார்டு, நரம்பு நோய் பக்கம் வேலை பாத்ததே இல்ல. அத ஏன் இங்க சொல்றேன்னா, அந்த குடும்பத்துக்கு "மிஸ்ஸிக்கு எல்லாம் தெரியும்"னு ஒரு நம்பிக்கை இருந்துச்சு, எனக்கும் கொஞ்சம் இருந்துச்சு.

பினாங்கில ஆயர் ஈத்தாம் பக்கம் பழைய ஃப்ளாட், நானும் அவங்களும் ஒரே மாடி. அப்பா லோரி ஓட்டுறவரு, வாரத்துல பாதி நாள் வெளியூரு. அம்மா ஸ்கூல் கேன்டீன்ல வேலை. ஒரு அக்கா, அப்புறம் தம்பி, அப்புறம் சின்னவன். வீட்டுல ரெண்டு ரூம்தான், ஒண்ணு அப்பா அம்மாவுக்கு, ஒண்ணு அக்காவுக்கு, பசங்க ரெண்டு பேரும் ஹால்ல பக்கத்துல பக்கத்துல மெத்தைய விரிச்சு படுத்துக்குவாங்க. இந்த படுக்கை கதை பின்னால வரும்.

தம்பி எப்படிப்பட்ட பையன்னா, லிஃப்டு கெட்டுப் போச்சுன்னா மத்தவங்க எல்லாம் முணுமுணுத்துக்கிட்டே படி ஏறுவாங்க, இவன் கீழ நின்னு யாரு அரிசி மூட்டை வச்சிருக்காங்க, யாரு கேஸ் டின் வச்சிருக்காங்கன்னு பாத்து தூக்கிட்டு வருவான், அந்தந்த மாடியில இருக்கவங்களோட பத்து நிமிஷம் பேசிட்டுதான் அடுத்த மாடி. சீன பாட்டிகளோட ஹொக்கியன்ல பேசுவான், மலாய்க்கார மக்சிக், அதாவது ஆன்ட்டிங்ககிட்ட மலாய்ல வம்பளப்பான். அவன் சோகமா இருந்து நான் பாத்தது ரெண்டு தடவைதான்.

மொதல்ல தெரிஞ்சது, 2014 – 2015

அவனுக்கு 16 வயசு இருக்கும்போதே காலையில கை வெட்டி வெட்டி இழுக்கும். மைலோ கப்பு கையில இருந்து பறக்கும், டூத்பிரஷ் விழும். அம்மா திட்டுவாங்க, "கவனம் எங்கடா இருக்கு"ன்னு. அவனே அதுக்கு "கரண்ட் அடிக்குது"ன்னு ஒரு பேரு வச்சிருந்தான், சின்னவன சிரிக்க வைக்க அதே மாதிரி நடிச்சும் காட்டுவான். அதனால எது நடிப்பு எது நெசம்னு வீட்டுல யாருக்கும் தெரியல, யாரும் அத நோயா நினைக்கல. பத்து மணி ஆச்சுன்னா நின்னுடும், அப்புறம் நாள் பூரா ஒண்ணும் இருக்காது.

2015 தீபாவளி நவம்பர் 10. எஸ்பிஎம்ங்கற ஸ்கூல் கடைசி பரீட்சைக்கு படிப்புன்னு ஏற்கனவே ராத்திரி தூக்கம் கெட்டு கெடந்தான், தீபாவளிக்கு முந்தின ராத்திரி முறுக்கு, பலகாரம், கோலம்னு வீடே தூங்கல. விடியக்காலம் எண்ணெய் தேச்சு குளிக்கப் போனவன் பாத்ரூம்ல டமார்னு விழுந்த சத்தம். கதவு உள்ள தாப்பா. அப்பா தள்ளி ஒடச்சு திறந்தப்ப உடம்பு வெறச்சு, அப்புறம் கை கால் அடிக்குது, வாயில நுரை. என்ன கூப்பிட்டாங்க, நான் போறதுக்குள்ள யாரோ ஒரு பெரியவரு சாவிக்கொத்த அவன் கையில திணிச்சிட்டாரு, இன்னொருத்தரு பல்லுக்கு நடுவுல கரண்டி வைக்கப் பாத்தாரு. நான் கரண்டிய புடுங்கிட்டு அவன ஒருக்களிச்சு படுக்க வச்சேன். இரும்பு கொடுத்ததால வலிப்பு நிக்கிறதில்ல, அது ரெண்டு மூணு நிமிஷத்துல தானா நிக்கும், நிக்கிற நேரத்துல கையில சாவி இருந்ததால சாவிக்கு பேரு வந்துடுது. வாயில எதையாவது வச்சா பல்லுதான் ஒடையும், மூச்சுதான் அடைக்கும்.

தப்பான மாத்திரையும் சரியான கேள்வியும், 2016

மொதல்ல போன கிளினிக்ல பரீட்சை டென்ஷன்னு அனுப்பிட்டாங்க. ரெண்டாவது தடவை வந்தப்புறம் வேற ஒரு தனியார் கிளினிக், அங்க கார்பமஸபைன் எழுதிக் கொடுத்தாங்க. வலிப்புக்கு நல்ல மாத்திரைதான், ஆனா இவனுக்கு இருந்த வகைக்கு அது ஆகாது, காலையில வர்ற அந்த வெட்டு இன்னும் அதிகமாயிடுச்சு. தட்டுல இருந்த தோசையையே பிய்க்க முடியல அவனால. வீட்டுல "மாத்திரையே நோய கொண்டு வருது"ன்னு முடிவு பண்ணி நிறுத்திட்டாங்க, நடுவுல ஒரு பொமோகிட்டயும் (மலாய் மந்திரவாதி) ஒரு சாமியாடிகிட்டயும் போயிட்டு வந்தாங்க. அவங்களக் குத்தம் சொல்ல மாட்டேன், மாத்திரை போட்டா கூடுது, விட்டா குறையுதுன்னு கண்ணால பாக்கறவங்க வேற என்ன நினைப்பாங்க.

2016 நடுவுல நான் வற்புறுத்தி கிளினிக் கெசிஹாத்தான்ங்கற அரசாங்க கிளினிக்ல லெட்டர் வாங்கி அரசாங்க ஆஸ்பத்திரி ஸ்பெஷலிஸ்ட்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அந்த டாக்டரம்மா உக்காந்ததும் கேட்ட மொத கேள்வி, "காலையில எழுந்ததும் கையில இருந்து சாமான் விழுமா?" தம்பி சிரிச்சிட்டான், "எங்க வீட்டுல கப்பே மிச்சம் இல்ல டாக்டர்"ன்னான். அந்த ஒரு கேள்வியில பாதி வேலை முடிஞ்சிடுச்சு, மீதிய ஈஈஜிங்கற மூளை அலை டெஸ்ட் சொல்லிடுச்சு. நோய் பேரு ஜுவனைல் மயோக்ளோனிக் எபிலெப்ஸி, சுருக்கமா ஜே.எம்.இ. பெரும்பாலும் 12லேர்ந்து 18 வயசுக்குள்ள ஆரம்பிக்கும், தூக்கம் கெட்டா கிளம்பும், விடியக்காலம்தான் அதோட நேரம். ஜெர்மனியில 1957லயே ஜான்ஸ்னு ஒரு டாக்டர் இத தெளிவா எழுதி வச்சிருக்காரு, ஆனாலும் காலையில என்ன நடக்குதுன்னு யாராவது கேட்டாத்தான் வெளிய வரும், நோயாளி தானா சொல்ல மாட்டாங்க.

சோடியம் வால்புரோயேட் போட்டாங்க, காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு. ரெண்டு மாசத்துல கப்பு கையில நின்னுச்சு. டாக்டரம்மா சொன்னது மூணு: தூக்கம் கெடக்கூடாது, மாத்திரைய அவனா நிறுத்தக்கூடாது, மோட்டர் பைக் ஓட்டக்கூடாது. மோட்டர் ஓட்டக்கூடாதுன்னதுதான் நான் பாத்த மொத சோகம், 18 வயசு பையன், கூட்டாளிங்க எல்லாம் லைசன்ஸ் எடுக்கற நேரம். படிக்கட்டுல ஒரு மணி நேரம் உக்காந்திருந்தான், அப்புறம் வந்து "மிஸ்ஸி ஆன்ட்டி, பஸ்ஸுல போனா நெறைய பேர பாக்கலாம்ல"ன்னான். மாற்றுத்திறனாளிகளுக்கு கொடுக்கற ஓகேயூ கார்டுக்கும் கேட்டுப் பாத்தோம், அதுல இருக்கற 7 வகையில வலிப்புன்னு தனியா ஒரு வகை கிடையாது.

பூக்கடை, 2017 – 2019

லிட்டில் இந்தியாவுல ஒரு பூக்கடையில வேலை கெடச்சுது. சொல்றதா வேணாமான்னு வீட்டுல பெரிய பேச்சு. அப்பா சொல்ல வேணாம்னாரு, சொன்னா வேலை போயிடும்னு. தம்பிதான் "நான் விழுந்தப்புறம் தெரிஞ்சா அவரு பயந்துடுவாரு, இப்பவே சொல்லிட்டா பழகிக்குவாரு"ன்னு சொல்லி கடைக்கார அண்ணன்கிட்ட மொத நாளே சொல்லிட்டான். எடுத்த முடிவுகள்லயே சரியான முடிவு இதுதான்னு இப்பவும் நினைக்கிறேன். பூக்கடைன்னா விடிகாலை நாலு மணிக்கு பூவு வந்து இறங்கும், அண்ணன் யோசிச்சு இவனுக்கு மட்டும் பத்து மணியிலேர்ந்து வேலைன்னு மாத்திட்டாரு, விசேஷ நாள்ல ராத்திரி வேலையும் கிடையாது.

ஒரு நாள் மத்தியானம் நான் மாலை வாங்கப் போனப்ப பாக்கறேன், தம்பி மல்லிகைக் கூடைக்கு நடுவுல தரையில படுத்து கெடக்கான். எனக்கு பக்னு ஆச்சு. பாத்தா கடை ஆளுங்களுக்கு பாடம் நடக்குது. "ஒருக்களிங்க, தலைக்கு அடியில துணி, கத்தரிய தள்ளி வைங்க, புடிச்சு அமுக்காதீங்க, வாயில ஒண்ணும் வேணாம், மணியப் பாருங்க, 5 நிமிஷம் தாண்டினா 999"ன்னு படுத்துக்கிட்டே சொல்றான். ஊதுவத்தி வாங்க வந்த சீன அம்மா ஒருத்தங்க தன்னோட கைக்கடிகாரத்தப் பாத்து நேரம் சொல்லிக்கிட்டு நிக்கறாங்க. 2018ல நெசமாவே ஒரு தடவை கடையில வந்துச்சு, அன்னைக்கு அவங்க எல்லாரும் அப்படியே செஞ்சாங்க, ஒரு சாவிக்கொத்து கூட வெளிய வரல.

தைப்பூசத்துக்கு பால்குடம் எடுக்கணும்னு அம்மாவோட வேண்டுதல். நான் வேணாம்னேன். ராத்திரி முழிப்பு, விரதம், வெயில், கூட்டம், தண்ணீர்ப் பந்தல் சத்தம், தண்ணீர்மலைக்கு 513 படி. டாக்டரம்மாகிட்ட கேட்டோம், அவங்க வேணாம்னு சொல்லல, எப்படி எடுக்கலாம்னு சொன்னாங்க. அதனால 2019 ஜனவரி 21 தைப்பூசத்துக்கு அவன் மட்டும் முந்தின ராத்திரி ஒம்பது மணிக்கே தூங்கினான், ஊரே முழிச்சிருக்க இவன் தூங்கினான், எழுந்து மாத்திரையும் பழமும் சாப்பிட்டான், கூட்டாளிங்க ரெண்டு பேரு ரெண்டு பக்கமும் படி ஏறினாங்க. மேல போய் பால் ஊத்திட்டு இறங்கி வந்தப்ப அவன் மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு எனக்கு எழுத வராது. 2020லயும் எடுத்தான்.

இதையெல்லாம் இவ்வளவு விளக்கமா எழுதறதுக்கு காரணம் இருக்கு. பகல்ல, ஆளுங்க முன்னால, என்னென்ன ஆகலாமோ அத்தனைக்கும் நாங்க தயாரா இருந்தோம்.

ரூம் மாறினது, 2019

ஆவணியில அக்கா கல்யாணம். அக்கா போனதும் அந்த ரூம் காலி. வீட்டுக்கு மூத்த ஆம்பளப் புள்ள, சம்பாதிக்கிறான், ஹால்ல படுக்கறது நல்லாவா இருக்குன்னு ரூம அவனுக்கே கொடுத்தாங்க. பெயின்ட் அடிச்சு, புது கட்டில் வாங்கி, சந்தோஷமா செஞ்சது. நானும்தான் ஒரு ஃபேன் வாங்கிக் கொடுத்தேன். அதுவரைக்கும் சின்னவன் ஒரு கை தூரத்துல படுத்திருந்தான், ராத்திரி அண்ணன் உடம்பு அடிச்சா அவன்தான் மொதல்ல எழுந்திரிப்பான். அன்னையிலேர்ந்து கதவு சாத்திடுச்சு. இது ஒரு மருத்துவ முடிவுன்னு எங்க யாருக்குமே தோணல, டாக்டரம்மாகிட்டயும் யாரும் சொல்லல.

எம்சிஓ காலம், 2020 – 2021

2020 மார்ச் 18 கோவிட்டுக்காக எம்சிஓ, அதாவது ஊரடங்கு போட்டாங்க. கடை மூடியாச்சு. ஸ்பெஷலிஸ்ட் அப்பாய்ன்ட்மென்ட் தள்ளிப் போச்சு, மறுபடி தள்ளிப் போச்சு, மாத்திரை போஸ்ட்ல வந்துச்சு. போஸ்ட்ல வர்றது சௌகரியம்தான், ஆனா கவுன்டர்ல நின்னா "மிச்சம் எத்தன இருக்கு"ன்னு ஃபார்மசியில ஒரு வார்த்தை கேப்பாங்க, அந்தக் கேள்வி நின்னு போச்சு. கடை இல்லாததால காலையில எழுந்திரிக்க வேண்டியதில்ல, ராத்திரி மூணு மணி வரைக்கும் போன்ல கேம் ஆடுவான், சிரிப்பு சத்தம் காரிடார் வரைக்கும் கேக்கும். அந்த சத்தத்த கேட்டு நான் நிம்மதியா இருந்திருக்கேன்.

இந்த ஒண்ணரை வருஷத்துல நான் என் கண்ணால காதால பாத்தது கேட்டத அப்படியே எழுதறேன்.

ஒண்ணு, தோளு வலிக்குதுன்னு ரெண்டு மூணு தடவை காலையில வந்து தைலம் கேட்டான். கேம் ஆடினதுதான்டான்னு தேச்சு விட்டேன். இன்னொண்ணு, தலகாணியில ரத்தக் கறை இருந்ததா அம்மா சொன்னாங்க, ஈறு வீக்கம்னு அவன் சொன்னதா சொன்னாங்க. அப்புறம் ஒரு நாள் காரிடார்ல துணி காயப் போடறப்ப அம்மா பெருமையா சொன்னது, "அக்கா, எம்புள்ள பொறுப்பாயிட்டான், இப்பல்லாம் பெட்ஷீட்ட அவனே எழுந்து தொவச்சு போட்டுர்றான்."

நானும் சிரிச்சேன். நல்ல புள்ளன்னு சொன்னேன். 31 வருஷம் வார்டுல பெட்ஷீட் மாத்தினவ, விடியக்காலம் ஏழு மணிக்கு 22 வயசு பையன் எதுக்கு பெட்ஷீட் தொவைக்கிறான்னு கேக்கல. நாக்கு கடிச்ச ரத்தம், தூக்கத்துல நனைஞ்ச படுக்கை, காலையில தோளு வலி, மூணையும் ஒரே தாளுல எழுதி எங்கிட்ட யாராவது நீட்டியிருந்தா ராத்திரி வலிப்பு வருதுன்னு அடுத்த நிமிஷம் சொல்லியிருப்பேன். மூணும் தனித்தனியா, மாசக்கணக்குல தள்ளித் தள்ளி, சிரிச்ச மூஞ்சியோட வந்துச்சு.

2021 ஆகஸ்ட்

ஒரு காலையில பத்து மணி ஆகியும் எழுந்திரிக்கல. சின்னவன் போய் கதவ தட்டினான். தம்பி குப்புற படுத்திருந்தான். என்ன கூப்பிட்டாங்க, நான் ஓடிப் போய் தொட்டுப் பாத்தேன், தொட்டதுமே தெரிஞ்சிடுச்சு, ஆனாலும் 999க்கு போன் போட்டுட்டு அவங்க வர்ற வரைக்கும் நெஞ்ச அமுக்கிக்கிட்டேதான் இருந்தேன், அவங்க அம்மா பாத்துக்கிட்டு இருந்தாங்க, நான் நிறுத்தினா அவங்களுக்குப் புரிஞ்சிடும்ல. அப்புறம் போலீஸ், ஸ்வாப் டெஸ்ட், போஸ்ட் மார்ட்டம். வேற காரணம் எதுவும் இல்ல, வலிப்பு நோயால வந்த மரணம்னாங்க. பத்து லஞ்சாங்ங்கற இடத்து சுடுகாட்டுல தகனம், கோவிட் நேரம், கொஞ்சப் பேருக்குத்தான் அனுமதி. பூக்கடை அண்ணன் உள்ள வர முடியாம ரோட்டோரம் லோரிய நிறுத்தி அதுல மாலைய வச்சிக்கிட்டு நின்னாரு. ஃப்ளாட்டுல சீனவங்க, மலாய்க்காரவங்க, நம்ம ஆளுங்க எல்லாம் அவங்கவங்க காரிடார்ல நின்னு வண்டி போற வரைக்கும் பாத்தாங்க.

அவனுக்கு 23 வயசு.

அப்புறம் தெரிஞ்சது

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு ரூம ஒதுங்க வைக்கறப்ப அலமாரி மேல பிஸ்கட் டின் ஒண்ணு, உள்ள 200க்கு மேல மாத்திரை. சின்னவன் அழுதுக்கிட்டே சொன்னான், அக்கா கல்யாணத்துக்கு முன்னாடியே அண்ணனுக்கு முடி கொட்ட ஆரம்பிச்சிடுச்சாம், உடம்பும் போட்டுச்சாம், கல்யாண போட்டோல்லாம் பாத்துட்டு காலை மாத்திரைய விட்டுட்டானாம், யாருகிட்டயும் சொல்லாதன்னு சத்தியம் வாங்கிட்டானாம். வால்புரோயேட்டுக்கு முடி உதிர்றதும் எடை கூடறதும் தெரிஞ்ச பக்க விளைவுதான். சொல்லியிருந்தா அளவ மாத்தியிருக்கலாம், வேற மருந்து பாத்திருக்கலாம். யாரும் கேக்கல, அவனும் சொல்லல, அவன் முடிய பத்தி நாங்க எல்லாரும் கிண்டல்தான் பண்ணியிருக்கோம். நான் பாத்த ரெண்டாவது சோகம் அங்கதான் இருந்துச்சு, ஒரு தடவை லிஃப்டு கண்ணாடியில தலைய தடவிப் பாத்துக்கிட்டு நின்னான், என்ன கண்டதும் சிரிச்சிட்டான்.

டாக்டரம்மாவ போய் பாத்தோம், அம்மாவும் நானும். அங்கதான் சுடெப்ங்கற வார்த்தைய மொத மொதலா ஒழுங்கா கேட்டேன், வலிப்பு இருக்கறவங்க எந்த எச்சரிக்கையும் இல்லாம திடீர்னு இறந்து போறது. பெரியவங்கள்ல வருஷத்துக்கு 1000 பேருக்கு ஒருத்தருன்னு கணக்கு, வலிப்பு கட்டுப்பாட்டுல இருந்தா அதவிட கம்மி. உடம்பு முழுக்க அடிக்கிற பெரிய வலிப்பு வருஷத்துல மூணு தடவையோ அதுக்கு மேலயோ வந்தா அபாயம் ரொம்ப கூடும், ராத்திரி தூக்கத்துல வந்தா இன்னும் கூடும். பெரும்பாலும் படுக்கையில, குப்புற, பக்கத்துல ஆள் இல்லாதப்ப. வலிப்பு அடங்கின கொஞ்ச நேரத்துல மூச்சு நின்னு, பின்னாலயே இதயம் நிக்குது. பக்கத்துல ஒருத்தர் இருந்து உடனே பொரட்டிப் போட்டு தட்டி எழுப்பினா சில பேரு தப்பிக்கலாம்.

அம்மா கேட்டாங்க, "கதவு தொறந்திருந்தா எம்புள்ள இருந்திருப்பானா?" டாக்டரம்மா அவங்க கையப் புடிச்சிக்கிட்டு தெரியாதுன்னு உண்மைய சொன்னாங்க. அப்புறம் அவங்களே சொன்னாங்க, பயமுறுத்த வேணாம்னு நெறைய பேருகிட்ட இத சொல்றதில்ல, உங்ககிட்டயும் சொல்லல, சொல்லியிருக்கணும்னு. 2017லயே அமெரிக்க நரம்பியல் டாக்டருங்க சங்கம் போட்ட வழிகாட்டியில, நோயாளிகிட்ட இத சொல்லிடணும்னுதான் இருக்காம். அவங்க மேல எனக்கு கோவம் வரல. நாலு மாசத்துக்கு ஒரு தடவை பத்து நிமிஷம் பாத்தவங்க அவங்க. நான் தினம் பாத்தேன்.

மறுபடி செய்யணும்னா

இவனுக்கு நோய் கண்டுபுடிச்சது ஒரு காலைக் கேள்வியாலதான், அதே கேள்விய நாங்க தொடர்ந்து கேட்டிருக்கணும். "எப்படிடா இருக்க"ன்னு கேட்டா அவன் சூப்பர்னுதான் சொல்லுவான், எப்பவும் அதுதான் அவன் பதில். நாக்கு வலிக்குதா, படுக்கை நனைஞ்சுதா, உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கா, தலை கனக்குதான்னு ஒண்ணொண்ணா கேட்டிருக்கணும். மாத்திரைய வாரப் பெட்டியில போட்டு கண்ணுக்கு முன்னால வைக்கணும், அது சந்தேகப்படறது இல்ல. முடி, எடை, மூஞ்சி, இதெல்லாம் சின்ன விஷயம்னு 20 வயசு பையன்கிட்ட சொல்லக்கூடாது, அவனுக்கு அதுதான் பெருசு, அத டாக்டர்கிட்ட எடுத்துப் போகணும். வால்புரோயேட்ட விட்டா வேற வழியே இல்லன்னு இல்ல. அப்புறம் அந்த ரூம். தனி ரூம் வேணாம்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா கதவ சாத்தாம, சின்னவன் மெத்தைய அங்கயே போட்டு, ராத்திரி சத்தம் கேக்கற மாதிரி ஏதாவது செஞ்சிருக்கலாம். சுடெப் பத்தி அவன்கிட்டயே சொல்லியிருக்கணும், மோட்டர் வேணாம்னு சொன்னப்ப ஒரு மணி நேரத்துல தேறி வந்தவன் அவன், இதையும் தாங்கியிருப்பான்.

போன வருஷம் இன்னொரு பிளாக்ல 14 வயசு பொண்ணுக்கு அதே மாதிரி காலையில சாமான் விழுதுன்னு கேள்விப்பட்டு போனேன். நான் கூப்பிடாமலே தம்பியோட அம்மாவும் கூட வந்தாங்க. ஸ்பெஷலிஸ்ட பாத்தாச்சு, ஜே.எம்.இதான். பொண்ணுங்கறதால வால்புரோயேட் வேணாம், பின்னால கர்ப்பம் ஆனா வயித்துப் புள்ளைக்கு கெடுதல்னு லெவெடிராசெட்டம் ஆரம்பிச்சிருக்காங்க. சுடெப் பத்தி நான் எப்படி ஆரம்பிக்கறதுன்னு யோசிச்சிக்கிட்டு இருக்கறப்ப தம்பியோட அம்மாவே அந்த பொண்ணோட அம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாங்க, பெட்ஷீட் உட்பட. நான் ஒண்ணும் பேசல. இப்ப அந்த பொண்ணு பாட்டி ரூம்ல படுக்குது, பாட்டி கொறட்டை விடறாங்கன்னு தினம் கம்ப்ளைன்ட். அடுத்த அப்பாய்ன்ட்மென்ட் வர்ற மாசம், நாங்க ரெண்டு பேரும் கூட போறோம்.